ஒரு ஆணிக்கு ஒரு அட்டை

என் தங்கச்சிக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'மறுபடி'. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கி வந்த பிறகும், "மறுபடி ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று மேலே ஏறுவாள். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, எல்லாவற்றுக்கும் ஒரு மறுபடி உண்டு. அம்மா இருந்தவரை, "உன்னைக் கட்டிக்கறவன் தினமும் ரெண்டு தடவை வேலைக்குக் கிளம்பணும்டி" என்று கேலி செய்வார். கட்டிக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள். அவர்களையும் அவள் மறுபடி பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. எனக்கு ஐம்பத்திரண்டு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவள் கம்ப்யூட்டர் படித்து புரோகிராம் எழுதுகிறவள். எழுதியவள் என்று சொல்ல வேண்டும். அவளைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்து, அதைச் சொல்லவும் கடமைப்பட்டவன் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது செயற்கைக் கால் செய்யும் பட்டறையில். கால் இழந்து வருகிறவர்களுக்கு, மீதி இருக்கும் காலைச் சுற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுவது மாதிரி, ஈர மாவுத்துணி சுற்றுவோம். இறுகியதும் உருவி எடுத்து உள்ளே மாவைக் கரைத்து ஊற்றினால் அந்தக் காலின் அச்சு கிடைத்துவிடும். அச்சின்மேல்தான் கால் நுழைகிற கிண்ணத்தைச் செய்வோம். கிண்ணம் சரியில்லை என்றால் கீழே பாதம் எவ்வளவு அழகாக இருந்தும் புண்ணியமில்லை. ஒவ்வொரு அச்சையும் ஓர் ஆணியில் மாட்டி, அதன் கழுத்தில் ஓர் அட்டை கட்டியிருப்போம். அட்டையில் ஆளின் எண், எண்ணுக்கு வாலாக 'இ' அல்லது 'வ', கீழே பதினாறு அளவுகள்.

இடது கால்கள் கிழக்குச் சுவரில், வலது கால்கள் மேற்குச் சுவரில். கிழக்குச் சுவர் என்னுடையது. மேற்குச் சுவர் மீசைக்காரர் என்று நாங்கள் கூப்பிடுகிற கூட்டாளியுடையது. இருபத்தாறு வருடம் நான் என் சுவரைப் பார்த்தேன், அவர் அவருடையதைப் பார்த்தார். இரண்டு காலும் போனவர்கள் வந்தால்கூட, இடது காலுக்கு ஒரு நாள் என்னிடம் வருவார்கள், வலது காலுக்கு இன்னொரு நாள் அவரிடம் போவார்கள்.

போன வருடம் மேலாளர் ஒரு மெஷின் வாங்கினார். அளவுகளைக் கொடுத்தால் அதுவே அச்சைக் கடைந்து கொடுத்துவிடும். சுவர்களில் இருக்கும் அட்டைகளை எல்லாம் அதற்குள் ஏற்ற வேண்டும். அந்த வேலையை ஒரு சின்ன கம்பெனி எடுத்தது. அங்கேதான் என் தங்கச்சி இருந்தாள். பதினைந்து வருடம் மற்றவர்களுக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தவளிடம் முதல் தடவையாக, "இது முழுக்க உன் பொறுப்பு. நல்லபடியா முடிஞ்சா தனி அணி தர்றோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் எங்கள் பட்டறைக்குள் வந்த அன்று காலை நான் வேண்டிக்கொண்டது அவளுக்காக மட்டும்தான்.

"உன் தங்கச்சியாமே? சொல்லவே இல்ல!" என்றார் மேலாளர்.

"நீங்க கேக்கலையே சார்" என்றேன். பெருமையில் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். தட்டச்சு செய்ய இரண்டு பெண்கள் வந்தார்கள். முதலில் என் சுவர் அட்டைகளைத் தட்டினார்கள், பிறகு மேற்குச் சுவர். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டேன்.

"என்னதான்மா பண்றே இதுல?"

"இதோ உன் சுவர்ல ஆணி இருக்குல்ல அண்ணா? ஆணிக்கு ஒரு நம்பர், ஆணியில ஒரு அட்டை. நம்பரச் சொன்னா அட்டை கைக்கு வந்துடும். கம்ப்யூட்டருக்குள்ளயும் அப்படித்தான். நம்பருக்குப் பேரு கீ. அட்டையில இருக்கறதுக்குப் பேரு வேல்யூ. மொத்தச் சுவருக்கும் பேரு ஹாஷ்."

"நல்லா இருக்கு. இதுல உனக்கு என்ன வேலை?"

"ரெண்டையும் மாத்தணும். உங்க அளவெல்லாம் அங்குலத்துல இருக்கு, மெஷின் மில்லிமீட்டர் கேக்குது. அது வேல்யூவ மாத்தறது. உங்க நம்பர்ல முன்னாடி 'கா' இருக்கு, நடுவுல கோடு இருக்கு, சைபர் இருக்கு, கடைசில ஒரு வால் இருக்கு. மெஷினுக்கு வெறும் நம்பர் போதும். அது கீய மாத்தறது."

"எதும்மா கஷ்டம்?"

"வேல்யூதான். கீ ஒரு வரியில முடிஞ்சிடும்."

மூன்று வாரம் அந்த வேல்யூவோடு மல்லுக்கட்டினாள். பதினொன்றே முக்கால் அங்குலம் என்று நான் கிறுக்கியிருந்தால் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று வரும். அவள் காகிதத்திலும் ஒரு தடவை பெருக்கிப் பார்ப்பாள். ஒரு நாள் ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இந்த முழங்காலுக்குக் கீழ முப்பத்தி ரெண்டு அங்குலச் சுற்றளவாம். இது மனுஷனா, மரமா?"

அட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடம் எங்கள் டேப் அறுந்துபோய், சென்டிமீட்டர் டேப்பை வைத்து அளந்திருந்தோம். நாங்களே அதை மறந்துபோயிருந்தோம். அந்த மாதிரி அட்டைகள் அறுபத்துநான்கு. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் தனியாக மாற்றினாள். மீசைக்காரர், "இந்தப் பொண்ணு கண்ணுல மாவுத்தூசி தூவினாக்கூட எண்ணிச் சொல்லிடும் போல" என்றார். அப்படிப்பட்ட வேலைக்காரி அவள்.

கீ பற்றிக் கேட்டது கடைசி வாரத்தில். என் கை வாளிக்குள் இருந்தது. கரைத்த மாவு சில நிமிடத்தில் இறுகிவிடும், நடுவில் திரும்ப முடியாது.

"அண்ணா, வால்ல இருக்கற 'இ', 'வ' எதுக்கு?"

"எந்தக் கால்னு தெரியறதுக்கு."

"அது அட்டைக்குள்ள முதல் வரியிலயும் இருக்கே."

"ஆமாம்மா, இருக்கும்."

"அப்ப வால வெட்டிடலாமா? ஒரு நம்பர்ல ரெண்டு அட்டை வராதுல்ல? வந்தா வம்பு. ஒரு ஆணிக்கு ஒரு அட்டைதான். ரெண்டாவத மாட்டினா முதல் அட்டை கீழ விழுந்துடும். கம்ப்யூட்டர் வாயத் திறந்து ஒண்ணும் சொல்லாது."

"வராதும்மா. ஒரு ஆளுக்கு ஒரு அட்டைதான்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. என் சுவரில் ஒரே எண் இரண்டு தடவை ஒருநாளும் வந்ததில்லை. எதிர்ச் சுவர் பன்னிரண்டு அடி தூரத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி யோசிக்கவில்லை.

திறப்பு நாள் வந்தது. மேலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். விருந்தினர்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் புரோகிராமை ஓடவிட்டாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் உள்ளே போயின. ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது வெளியே வந்தன.

"சார், இருபத்திமூணு குறையுது. ஒரு மணி நேரம் குடுங்க. எந்த நம்பர் ரெண்டு தடவை வருதுன்னு மறுபடி பாத்துடறேன்."

"ஒரு மணி நேரமா? வெளியில அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க!" மேலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். நான் மாவுக்கையோடு நின்றிருந்தேன். "உன் அண்ணனையே கேளேன், எனக்கு முன்னாடியே இங்க இருக்கறவரு. நீங்களே சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் அவள் தயங்கி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய நல்ல நாள் கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன்.

"ஒரே அட்டைய ரெண்டு தரம் தட்டியிருப்பாங்கம்மா. வீட்டுலதான் மறுபடி மறுபடின்னா, இங்கயுமா?" என்றேன். மேலாளர் சிரித்தார். தட்டச்சுப் பெண்களும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பொத்தானை அழுத்தினாள்.

மறுநாளிலிருந்து அச்சுகளை உடைக்கும் வேலை. அந்த இடத்தில் சோபா போட வேண்டுமாம். என் சுவரை நானே சுத்தியலால் உடைத்தேன். நான்கு நாள் ஆயிற்று. அட்டைகள் மூட்டையாகக் கட்டிக் காகித ஆலைக்குக் கூழாகப் போயின.

இனித் தபால்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு காலையும் இழந்தவர். இரண்டுமே முழங்காலுக்குக் கீழே போயிருந்தன. முழங்கால் இருந்தால் மாடி ஏறலாம், உட்கார்ந்து எழலாம். அதனால் அது இருப்பவர்களை நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்போம். எங்கள் கால்களை மாட்டிக்கொண்டு அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை செய்தார். "எல்லாருக்கும் செருப்பு கடிக்கும், எனக்குக் காலே கடிக்குது தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார். அவருடைய இடது காலின் முன்பக்கம் எலும்பு ஒரு மேடு கட்டியிருக்கும். அந்த இடத்தில் கிண்ணத்தைக் குழித்து விடுவேன். வலது காலில் அந்த மேடு கிடையாது.

மெஷின் வந்த ஐந்தாம் மாதம் அவர் புதிதாக ஒரு ஜோடி கேட்டார். மெஷின் வைத்திருந்த முன்னறையில் இருந்தவர்கள் அவருடைய எண் நானூற்றுப் பதினேழைத் தட்டினார்கள். ஒரே ஓர் அட்டை வந்தது, வலது காலுடையது. மெஷினில் கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கம் மாற்றிக் கடைய ஒரு பொத்தான் உண்டு. இரண்டு காலும் ஒரே அளவு போலிருக்கிறது என்று நினைத்து அதை அழுத்திவிட்டார்கள். இடது கிண்ணத்தை அவருக்கு மாட்டிவிட்டது நான்.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே தம்பி."

"புதுசு இல்லையாண்ணே. பழகிடும்" என்றேன்.

என் கைகளுக்கு அந்த மேடு தெரியும். மெஷின் வந்த பிறகு என் கைகளை நான் கேட்பதை விட்டிருந்தேன்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. காலில் உணர்ச்சி குறைவு. புண் வந்ததே தெரியாமல் ஒரு மாதம் நடந்திருக்கிறார். பிறகு மருத்துவமனை, பிறகு இரண்டாவது தடவை கத்தி. இந்த முறை முழங்காலுக்கு மேலே.

அவருடைய மனைவி அந்தக் கிண்ணத்தை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவர் போன பிறகு நான் அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேடு இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். தட்டச்சுப் பெண்கள் தட்டிய பழைய கோப்பை அப்படியே வைத்திருந்தாள். அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"தபால்காரர் நம்பர் ரெண்டு தடவை இருக்கு அண்ணா. இடது ஒண்ணு, வலது ஒண்ணு." பிறகு ஒவ்வொன்றாக எண்ணினாள். "இருபத்திமூணு பேர். இருபத்திமூணும் உன் சுவர்ல இருந்தது. வலது கடைசியா வந்துச்சுல்ல, அது ஆணியில நின்னுடுச்சு. இடது எல்லாம் விழுந்துடுச்சு."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. உட்கார்ந்து கீயை மாற்றி எழுதினாள். இடது காலுக்குப் பத்தாயிரம், வலது காலுக்கு இருபதாயிரம் கூட்டினாள். தபால்காரர் பத்தாயிரத்து நானூற்றுப் பதினேழாகவும் இருபதாயிரத்து நானூற்றுப் பதினேழாகவும் ஆனார். மறுபடி ஓட்டினாள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு போய், ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. இருபத்துமூன்று கால்களும் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டன. அன்று கேட்ட ஒரு மணி நேரம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. முழங்கால் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் காலை அவளே போய்த் தன் முதலாளியிடம் சொன்னாள். வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அந்த வாரமே பட்டறையில் விசாரணை வைத்தார்கள். நான் கதவருகில், முழங்கை வரை மாவோடு நின்றேன்.

"எழுத்த வெட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார் அவளுடைய முதலாளி.

"யாரும் சொல்லல சார். நான் எழுதினது."

"எண்ணிக்கை குறைஞ்சது தெரியலையா?"

அவள் தன் முதலாளியையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவள் கழுத்து விறைத்திருந்ததை நான் பார்த்தேன்.

"நான் மறுபடி பாத்திருக்கணும்" என்றாள்.

அந்த இருபத்துமூன்றைப் பற்றித் திறப்பு நாளில் அவள் கேட்டது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். அது வெளியே வந்தால் மேலாளர் மாட்டுவார், அவரோடு நானும் மாட்டுவேன். அவள் என்னைக் காப்பாற்ற வாயை மூடினாள். அதில் மேலாளரும் தப்பித்துக்கொண்டார். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நாங்க நம்பித்தானே சார் குடுத்தோம்" என்றார். நான் உள்ளுக்குள், கடவுளே இவளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய நேரத்தில் நான் பிரார்த்தனை செய்தேன். இத்தனை வருடப் பக்தியில் நான் வெட்கப்படுகிற பிரார்த்தனை அது ஒன்றுதான்.

அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஏன் அனுப்பினார்கள் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. வேறு நான்கு இடங்களில் கேட்டாள். நேரில் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அந்தக் கால் விஷயத்தைத்தான் விசாரித்தார்கள்.

பத்து நாள் கழித்து நான் அவள் முதலாளியின் அலுவலகத்துக்குப் போனேன். வாலை வெட்டலாம் என்று சொன்னது நான், திறப்பு நாளில் எண்ணவிடாமல் செய்ததும் நான் என்று சொன்னேன். அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனசு ஐயா உங்களுக்கு. ஆனா நீங்க மாவு வேலை பாக்கறவரு, நாலும் சொல்லுவீங்க. சரியான்னு பாக்க வேண்டியது எழுதினவங்கதான். அந்தக் கோப்பை மூடியாச்சு" என்றார். தங்கச்சியின் மேசையில் ஏற்கனவே வேறு ஒருவர் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள் கழிச்சு யாருக்காகப் போனே?"

"உனக்காகத்தான்மா."

"எனக்காகன்னா அன்னிக்கே சொல்லியிருப்பே. இது உன் மனசு லேசாகறதுக்கு. லேசாயிடுச்சா?"

அவள் மடித்த என் சட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தபால்காரரிடமும் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாளா வந்து மன்னிப்புக் கேக்கறீங்க" என்றார். "நான் முப்பது வருஷம் தபால் கொண்டுபோனவன் தம்பி. தப்பான விலாசத்துக்குப் போன கடுதாசியக்கூடத் திருப்பி வாங்கிட்டு வந்து சரியான வீட்டுல குடுத்திருக்கேன். என்னோடத யாரு கொண்டுவந்து குடுப்பாங்க?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை. புதிய இடது காலுக்கு நான் அளவெடுக்க வர வேண்டாம், மீசைக்காரர் வரட்டும் என்றார். அவர் கேட்டது நியாயம்தான். மீசைக்காரர்தான் போனார்.

மேலாளர் இன்னும் மேலாளராகவே இருக்கிறார். மெஷினும் நன்றாகத்தான் ஓடுகிறது. உள்ளே இருப்பது அவள் அரை மணி நேரத்தில் திருத்திக் கொடுத்த வரிகள். முன்னறையில் வருகிறவர்கள், "என்ன துல்லியம்!" என்று வியக்கிறார்கள். யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மேலாளர் பேச்சை மாற்றிவிடுவார்.

தங்கச்சி இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் ஒட்டுகிறாள். காலையில் நானும் அவளும் ஒன்றாகத்தான் கிளம்புகிறோம். கதவைப் பூட்டுகிறாள், சாவியைப் பைக்குள் போடுகிறாள், படியில் இறங்குகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டில் யாரும் அவளை 'மறுபடி' என்று கூப்பிடுவதும் இல்லை. அந்தப் பெயரை வைத்து எல்லோர் முன்னாலும் கடைசியாகக் கேலி செய்தவன் நான்.

தெருமுனை வரை போன பிறகு, "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டு நான் திரும்பி வருகிறேன். இரண்டு மாடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். அது பூட்டித்தான் இருக்கிறது. கீழே வந்து பார்த்தால் அவள் எனக்காக நிற்பதில்லை; போயிருப்பாள்.